தொபியாசின் வலது கை

கடலரசி கேம் சென்டரின் பெரிய டிவிக்குள்ளிருந்து தொபியாஸ் இறங்கி வந்த அன்று, மெட்டில்டா அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தாள், அதனால் அவள் வாயில் முதலில் வந்த பேச்சு, "பூட்ஸக் கழத்தி வெளிய விட்டுட்டு வாங்க" என்பதுதான். வெளியே விடுவதென்றால் டிவியிலிருந்து வாசல்வரைக்கும் துடைத்த தரையை மிதித்துக்கொண்டுதான் போகவேண்டும் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. மாதா கோயிலில் பகல் மணி அடித்து ஓய்ந்திருந்தது. அவன் சொன்னபடி செய்தான், வெறுங்காலோடு திரும்பி வந்தான், இரும்புச் சட்டை கிணுகிணுக்க பெஞ்சில் உட்கார்ந்தான், "அக்கா, ஒரு செம்பு தண்ணி தருவியளா" என்று அடக்கமாகக் கேட்டான், குடித்து முடித்ததும், "எழவெடுத்த தாகம்ல இது" என்று சொல்லிப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

அடக்கம் அவன் காலையில் கற்றது, எழவு சாயங்காலம் கற்றது. அது எப்படி என்றால், அந்தக் கடையில் அவனை வைத்து ஆடிய முறை அப்படி.

தூத்துக்குடியில் உப்பு லாரிகள் போய்வரும் ஒரு தெருவில் மெட்டில்டாவும் அவள் புருசன் ரெஜிசும் அந்தக் கடையை நடத்தினார்கள். சின்ன டிவிகளில் கார் ரேசும் ஃபுட்பாலும் ஓடும், பெரிய டிவியில் மட்டும் எப்போதும் ஒரே கேம்தான்: ஒரு வீரன், ஒரு நீண்ட பாதை, பாதை நெடுக மனுசர்கள், பூதங்கள், கொள்ளைக்காரர்கள், யார் எதிரே வந்தாலும் அவரோடு பேசவும் செய்யலாம், வாளை உருவவும் செய்யலாம், எதைச் செய்தாலும் கதை அதன்படி நகரும், வீரன் விழுந்தால் திரும்ப எழலாம், மற்றபடி செத்தவர் செத்தவர்தான். வீரனுக்கு ஒரு பெயர் வை என்று கேம் கேட்டபோது மெட்டில்டா தொபியாஸ் என்று வைத்தாள். அது அவளுடைய அப்பாவின் மீன்பிடி வல்லத்துக்கு இருந்த பெயர்.

ஒரு கேமில் எத்தனை பேர் வேண்டுமானாலும் தனித்தனியாகத் தங்கள் ஆட்டத்தைச் சேமித்துவைக்கலாம் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும், ரெஜிசுக்குத் தெரியாது. பாதி ஆயுசை வல்லத்தில் கழித்த அவர், ஒரு வல்லத்தைப் பலபேர் பங்குபோட்டு ஓட்டுவதுபோலத்தான் இதுவும் என்று நினைத்தார், அப்படியே சட்டமும் போட்டார்: காலைப் பங்குக்காரர்கள் தொபியாசை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், ஆனால் போகும்போது சாயங்காலப் பங்கு வந்து எடுத்துக்கொள்ள வசதியாக ஒரு மரத்தடியிலோ ஆற்றங்கரையிலோ நிறுத்திவிட்டுப் போகவேண்டும். கடற்கரைக்காரர்களுக்கு அது நியாயமாகப் பட்டதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

காலைப் பங்கு பெண்களுடையது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பிரகாசியம்மாவும் மற்றவர்களும் பையும் கையுமாக வந்து உட்காருவார்கள், பி.ஏ. ஆங்கிலம் படித்த மெட்டில்டா திரையில் ஓடும் பேச்சையெல்லாம் வாய்விட்டுத் தமிழில் சொல்வாள், என்ன பதில் சொல்வது என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். பாலத்தை மறித்து நின்ற பூதத்துக்கு என்ன சொல்வது என்று காலை முழுக்க வாதாடி, கடைசியில் அவனுக்கு என்ன மனக்குறை என்று கேட்டு, அவன் அழுது, சமாதானமாகி, தொபியாசுக்குக் கை கொடுத்தபோது கடையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. யாராவது ஆயுதத்தை ஓங்கினால் மட்டும் அவர்கள் தொபியாசைத் திருப்பி ஓட்டமாக ஓட்டுவார்கள்.

சாயங்காலப் பங்கு துறைமுகத்து ஆண்களுடையது. அவர்களுக்குத் தலைவன் கிரேன் ஓட்டும் கிளாரன்ஸ், மெட்டில்டாவின் கூடப்பிறந்த தம்பி. திரையில் யாராவது வாயைத் திறந்தால் வட்டப் பொத்தானை அமுக்கி அந்தப் பேச்சைத் தாண்டிவிட்டு வாளை உருவுவதுதான் அவர்கள் வழக்கம். ஆகவே காலையில் கை கொடுத்த பூதம் சாயங்காலம் வெட்டுப்பட்டது, சாயங்காலம் அடித்து மண்டியிடவைத்த கொள்ளைக்காரனுக்கு மறுநாள் காலையில் வாள் திரும்பக் கிடைத்தது, பாதை நெடுக இப்படியே நடந்தது, அத்தனையையும் செய்தது தொபியாசின் வலது கை ஒன்றுதான்.

மெட்டில்டாவும் கிளாரன்சும் பேசிப் பல வருசமாகிவிட்டது. அவன் வருவதற்கு முன்னே அவள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள், சாயங்காலம் கடையில் ரெஜிஸ்தான். காரணம் வேறொன்றுமில்லை, கடலில் மச்சாது என்பவரின் விசைப்படகு அப்பாவின் வலையை அறுத்துக்கொண்டு போனது. மெட்டில்டா மச்சாது வீட்டுக்கே போய், உட்கார்ந்து, அவர் கொடுத்த காப்பியைக் குடித்து, பேசி, விசயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலமே கிளாரன்ஸ் போய் மச்சாதின் கையை முறித்துவிட்டான். போலீஸ், கேஸ், ஜெயில் என்று அலைந்ததில் பேசிய பேச்சு காற்றோடு போயிற்று, வல்லம் கைவிட்டுப் போயிற்று, அந்தக் கவலையிலேயே அப்பாவும் போய்ச்சேர்ந்தார். அவன் அடித்துக் கெடுத்தான் என்றாள் அவள். வலையை அறுத்தவன் வீட்டில் போய்க் காப்பி குடித்தாளே என்றான் அவன். இரண்டு பேரும் அதே இடத்தில் நின்றுவிட்டார்கள்.

"எதுக்கு எறங்கி வந்தீய?" என்று மெட்டில்டா கேட்டபோது, தொபியாஸ் தன் வலது கையை அடுத்தவர் பொருளைப்போல மடியில் எடுத்துவைத்துக்கொண்டான்.

"பாலத்துப் பூதத்துக்குக் காலையில கை குடுத்தேன்க்கா. சாயங்காலம் இதே கையால வெட்டுனேன். நான் கைய ஓங்கயில அவன் சிரிச்சான், திரும்பவும் கை குடுக்க வாரேன்னு நெனச்சுட்டான். இந்தக் கைய இனிமே நான் எப்படி நம்புறது?"

மெட்டில்டா தட்டை எடுத்துவைத்துச் சோறு போட்டாள்.

ஊர் அவனை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. டிவிக்குள்ளிருந்து ஒருவன் எப்படி வரமுடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை, யார் வீட்டில் சாப்பாடு, யார் வீட்டில் படுக்கை என்பதுதான் பேச்சாக இருந்தது. ஏட்டையா வந்து எந்த ஊர் என்று விசாரித்தார், தொபியாஸ் தன் நாட்டின் பெயரைச் சொன்னான், "நாரோயில் பக்கமா?" என்று கேட்டுவிட்டு டீ குடித்துப் போனார். ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா என்று பங்குச்சாமியாருக்கு ஒரு கவலை இருந்தது, வேதாகமத்தில் வரும் பெயரைக் கேட்டதும் அது தீர்ந்துவிட்டது. பிரகாசியம்மா சாளை மீன் குழம்பு கொண்டுவந்தாள், கேமில் ரொட்டியும் ஆப்பிளுமே தின்று வளர்ந்த அந்த மனுசன் உறைப்பில் கண்ணீர் விட்டு அழுதுகொண்டே இன்னொரு கரண்டி கேட்டான். உப்புக்காற்றில் இரும்புச் சட்டை துருப்பிடிக்க ஆரம்பித்தபோது ரெஜிஸ் இடுப்பில் கட்டிக்கொள்ளத் தன்னுடைய பச்சைக் கட்டம்போட்ட சாரத்தைக் கொடுத்தார். அதை ஒருநாள் கட்டிப்பார்த்தவன் அப்புறம் அவிழ்க்கவே இல்லை.

ஆனால் கை குணமாகவில்லை. சாமியார் கை கொடுக்க வந்தபோது அது இடுப்பில் வாளைத் தேடிப்போயிற்று. ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள், கட்டியை உடைக்கச் சம்மட்டியை ஓங்கினால் உச்சியில் கை தானாக விரிந்து வணக்கம் சொன்னது, சம்மட்டி பின்னால் நின்றவன் காலில் விழப்பார்த்தது. பெரிய டிவியில் ஆளில்லாத பாதையும் காற்றும் எப்போதும் தொபியாசோடு நடக்கும் நாயும் மட்டும் தெரிந்தன. நாய் பாதையைப் பார்த்தபடி படுத்திருந்தது. அதைப் பார்க்க முடியாமல் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் ரெஜிஸ் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "கிளாரன்சுக்கு ஓமன்ல, சலாலா துறைமுகத்துல வேல கெடச்சிருக்கு. திருவிழா முடிஞ்சதும் குடும்பத்தோட போறானாம். இனி இங்க வாரதுக்கில்லன்னு சொல்லுதான்" என்றார்.

"போட்டும்" என்றாள் மெட்டில்டா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், தீய்ந்துகொண்டிருந்த கறியைப் பார்த்தபடி கிளறாமலே நின்றாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு பேசாமலிருப்பது வேறு, அவன் இல்லாத ஊரில் யாரோடு பேசாமல் இருப்பது என்று நினைத்தாள்.

மறுநாள் அவள் தொபியாசிடம், "நீங்க திரும்பிப் போயிருங்க. அந்த நாயப் பாக்க முடியல" என்றாள்.

"போறேன்க்கா. என் கைய ரெண்டு பேரா இழுக்குறத விட்டுட்டு ஒரு ஆளா இருங்க, போறேன்."

"அதுக்கு அவன்லா வரணும். அவனுக்குப் பேச்சுன்னா என்னன்னு தெரியுமா? எல்லாத்தையும் தாண்டிட்டுப் போறவன்."

தொபியாஸ் சிரித்தான். "உங்க தம்பி சாயங்காலம் கடைக்கு வந்ததும் மொதல்ல என்ன செய்வாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்லா? வாள உருவ மாட்டாரு. நீங்க நிப்பாட்டுன எடத்துலருந்து என்னய வந்த வழியே பின்னால நடத்திட்டுப் போவாரு. 'யக்கா இன்னைக்கு யாருட்ட பேசிருக்கா?'ன்னு ஒவ்வொரு மூஞ்சியாப் பாப்பாரு. அப்புறந்தான் மத்ததெல்லாம்."

மெட்டில்டா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஓடக்காரி உசுரோட இருக்கால்லா" என்றான் தொபியாஸ்.

ஓடக்காரியைக் காலைப் பங்குக்கு ரொம்பப் பிடிக்கும். ஆற்றைக் கடத்திவிடும் ஒரு வாயாடிப் பொம்பளை. அவள் ஒருத்தி மட்டும் சாயங்காலக்காரர்கள் கையில் எப்படியோ தப்பித்துக்கொண்டிருந்தாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் கண்ணில் படவில்லை என்று மெட்டில்டா நினைத்திருந்தாள்.

"கூட்டாளியெல்லாம் வீட்டுக்குப் போனப்புறம் உங்க தம்பி என்னய அவ ஓடத்துல ஏத்திருவாரு. இந்தக் கரையிலருந்து அந்தக் கரைக்கு. அவ பேசப்பேச ஒரு பொத்தானத் தொடமாட்டாரு. ஒரு வார்த்த புரியாது அவருக்கு. அவ கொரலு யக்கா கொரலு மாதிரியே இருக்குன்னு உங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னாரு."

மெட்டில்டா எழுந்து போய் ரெஜிசின் முன்னால் நின்றாள். "ஏங்க, ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அவன் பேர இந்த வீட்டுல எடுக்கக்கூடாதுன்னியே" என்றார் ரெஜிஸ், பாவம்போல.

அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, கோபம் யார்மேல் என்று பார்த்தால் தன்மேல்தான். மண்டியிட்ட கொள்ளைக்காரனுக்கு வாளைத் திருப்பிக் கொடுத்தாளே, அதை இரக்கத்தில் கொடுத்ததாகத்தான் பெண்கள் எல்லாரும் நினைத்தார்கள். தம்பி முகத்தில் கரியைப் பூசுவதற்காகக் கொடுத்தாள். தொபியாசைத் திரும்பிப் பார்த்தாள். அவனுடைய அந்தக் கைக்கு அது தெரிந்திருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பங்கும் கடையில் கூடவேண்டும் என்று ரெஜிஸ் சொல்லியனுப்பினார். பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் பெஞ்சில் சாரத்தோடு தொபியாஸ். கிளாரன்ஸ் வாசலருகே தூணில் சாய்ந்து நின்றான். நரை விழுந்திருந்தது அவனுக்கு. மெட்டில்டா அதை அன்றுதான் பார்த்தாள்.

"பேச்சு மட்டுமே போதும்னா அதுக்கு எதுக்கு கேமு? வீட்டுல சீரியல் பாக்க வேண்டியதான?" என்று ஆரம்பித்தான் துறைமுகத்து சூசை. "நாள் பூரா மேஸ்திரிட்ட ஏச்சு வாங்கிட்டு வாரோம். ஒரு ராட்சசன அடிச்சாத்தான் எங்களுக்குச் சோறு எறங்கும்."

"அடிக்கிறது மட்டுந்தான்னா அந்த ராட்சசனுக்கு எதுக்குல பேரு, ஊரு, அம்மா?" என்றாள் பிரகாசியம்மா. "நாள் பூரா நாங்க சொல்லுதத யாரு கேக்கா வீட்டுல? இங்கதான் நாங்க ஒண்ணு சொன்னா கத மாறுது."

அதைக் கேட்டு ஆண்களில் இரண்டொருவர் தங்கள் வீட்டுக்காரிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் விடவில்லை. பேச்சுக்கு ஒரு நாள், சண்டைக்கு ஒரு நாள் என்று பிரிக்கலாம் என்றான் ஒருவன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேச்சு, அந்தப் பக்கம் சண்டை என்றாள் ஒருத்தி. தொபியாஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தான்.

"நான் சண்டை வேண்டாம்னு சொல்லல, பேச்சும் வேண்டாம்னு சொல்லல. ரெண்டும் வேணும் எனக்கு, எழவு, இல்லாட்டா அந்தப் பாதையில யாரு நடப்பா? ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. பேசுனவங்களே அடிங்க. அடிக்கிறவங்களே பேசுங்க."

ரெஜிஸ் எழுந்து பெரிய டிவிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். "லே கிளாரன்ஸ், வந்து இரி" என்றார். அவன் அசையவில்லை. மெட்டில்டா போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள், பக்கத்து நாற்காலியில் இருந்த தூசியை முந்தானையால் தட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவன் வந்து உட்கார்ந்தான்.

திரையில் அதே பாதை, அதே காற்று. நாய் மட்டும் சட்டென்று எழுந்து வாலை ஆட்டியது. அப்புறம் இரும்புச் சட்டையும் பச்சைக் கட்டம்போட்ட சாரமுமாக ஒரு மனுசன் பாதையில் நடந்துபோவது தெரிந்தது. எல்லாரும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள், அங்கே யாருமில்லை, வாசலில் பூட்சையும் காணோம். "சாரம் போச்சா?" என்றார் ரெஜிஸ்.

பாதை கோட்டை வாசலுக்குப் போயிற்று. அங்கே ஒரு வயசான ராட்சசி காவலுக்கு நின்றாள். பாலத்துப் பூதத்தின் அக்கா அவள், தம்பியைக் காணாமல் அந்த வாசலிலேயே காத்து நிற்பவள். அவள் வாயைத் திறந்ததும் கிளாரன்சின் கட்டைவிரல் பழக்கத்தில் வட்டப் பொத்தானுக்குப் போயிற்று, போய், அங்கேயே நின்றது. பிறகு விலகியது.

மெட்டில்டா திரையைப் படித்தாள். எத்தனையோ காலையில் எத்தனையோ பேருடைய பேச்சைச் சளைக்காமல் தமிழில் சொன்னவளுக்கு இந்தச் சின்ன வரியை இரண்டு தடவை படிக்கவேண்டியிருந்தது.

"என் தம்பி எங்க?" என்றாள்.

கிளாரன்ஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், மிகவும் மெல்ல, "என்ன பதிலுக்கா இருக்கு?" என்று கேட்டான்.

"ஒண்ணு, வாள உருவு. ரெண்டு, ஒண்ணும் சொல்லாமத் திரும்பிப் போயிரு. மூணு, நடந்தத உள்ளபடி சொல்லு."

"மூணு" என்றான்.

அமுக்கினான். தொபியாஸ் ராட்சசியிடம் எல்லாவற்றையும் சொன்னான், கை கொடுத்ததையும் சொன்னான், வெட்டியதையும் சொன்னான், பூதம் சிரித்தபடி விழுந்ததையும் சொன்னான், மெட்டில்டா ஒரு வரி விடாமல் படித்தாள், கிளாரன்ஸ் ஒரு வரி தாண்டாமல் கேட்டான். ராட்சசி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து உலக்கையைத் தூக்கினாள். உண்மையைச் சொன்னதற்காக அவள் சும்மா விடவேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

கிளாரன்ஸ் கன்ட்ரோலரை அக்காவின் மடியில் வைத்தான். "இப்ப நீ அடிக்கணும்க்கா."

மெட்டில்டா சண்டை போட்டதே கிடையாது. அடி வாங்கினாள், விழுந்தாள், திரும்ப முதலிலிருந்து வந்தாள், திரும்ப விழுந்தாள். பெண்கள், ஓடு ஓடு என்றார்கள். ஆண்கள், ஓடாத ஓடாத என்றார்கள். "உலக்கையப் பாக்காத, அவ தோளப் பாரு, தோளு அசைஞ்சா உருண்டுரு, இப்ப சதுரத்த அமுக்கு" என்று கிளாரன்ஸ் அவள் விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினான், சின்னதில் அப்பாவின் வல்லத்தில் அவள் அவனுக்குத் தூண்டில் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்ததும் இப்படி விரல்மேல் விரல் வைத்துத்தான். வெயில் இறங்கும் நேரத்தில் ராட்சசி மண்டியிட்டாள். வெட்டவும் செய்யலாம், கை கொடுக்கவும் செய்யலாம் என்றது திரை. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அமுக்கியது யார் விரல் என்று இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியவில்லை. தொபியாசின் வலது கை நேராக நீண்டது, விரிந்தது, வாளைத் தேடிப்போகாமல் நின்றது. ராட்சசி உலக்கையைக் கீழே போட்டாள். பிறகு அதைப் பிடித்து எழுந்தாள்.

கடையில் எழும்பிய சத்தத்துக்கு லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் கிளாரன்ஸ், "அன்னைக்கு மச்சாது வீட்டுல என்னக்கா பேசுன?" என்று கேட்டான். "நான் கேக்கவே இல்லயே ஒங்கிட்ட."

அவள் சொன்னாள். காப்பியில் சர்க்கரை இல்லாததிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். புது வலைக்கு அவர் ஒத்துக்கொண்டதைச் சொன்னாள், அதை ஓடிவந்து முதலில் தம்பியிடம் சொல்லாமல் பெருமைக்காக அப்பாவிடம் சொல்லப்போனதையும் சொன்னாள். "மொதல்ல ஒங்கிட்ட வந்திருந்தா நீ போயிருக்கமாட்டல்லா" என்று அழுதாள். "அப்படியும் போயிருப்பேன்க்கா, அன்னைக்கு எனக்கு அவ்ளோ கோவம்" என்றான் கிளாரன்ஸ், அவனும் அழுதான். கதை ரொம்ப நீளம். ரெஜிஸ் வாங்கிவந்த டீ ஆறிப்போகும்வரை அவன் தாண்டாமல் கேட்டான்.

ஆனாலும் திருவிழா முடிந்ததும் அவன் சலாலாவுக்குப் போகத்தான் செய்தான். விசாவும் வந்து பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்தாகிவிட்டது. மெட்டில்டா வண்டியேறும் இடம்வரை போய் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு வந்தாள். கடையில் இப்போது பெண்களும் ஆண்களும் கலந்து உட்கார்ந்து ஆடுகிறார்கள், சூசை பேசுகிறான், பிரகாசியம்மா அடிக்கிறாள், அவள் அடிப்பதைப் பார்க்கவே தனிக்கூட்டம் வருகிறது. தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளலாம் என்று ஒரு கல்லூரிப் பையன் ரெஜிசிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தான். ரெஜிஸ் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கிளாரன்ஸ் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தும் மெட்டில்டா ஆட்டத்தைத் தொடங்காமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கடல் இரைச்சலும் கிரேன் சத்தமும் கேட்டன, அதற்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"யக்கா, இன்னைக்கு யாருட்ட பேசுன?"

"இன்னும் யாருட்டயும் பேசலலே" என்றாள் மெட்டில்டா. "நீ வருவேன்னு ஓடக்காரிகிட்ட சொல்லி ஓடத்த நிப்பாட்டி வச்சிருக்கேன்."

திரையில் ஆற்றங்கரையில் தொபியாஸ் நின்றான், பக்கத்தில் நாய் நின்றது, காற்றில் சாரம் படபடத்துக்கொண்டிருந்தது.